அவசரமும் அவசியமும்: ஆயரின் அன்றாட அலுவல்களும் மின்னஞ்சலும்

முன்னுரை

ஆயர்கள் ஒன்றுகூடும் இடங்களில் இந்நாட்களில் அடிக்கடி கேட்கப்படும் முறையீடு ஒன்று உண்டு. நாள் முழுவதும் ஓயாமல் உழைக்கிறோம். ஆயினும் செய்யவேண்டிய பணி செய்யப்படாமலேயே நாள் முடிந்துவிடுகிறது என்பதே அது. காலையில் கைப்பேசியைத் திறந்தவுடன் திருமண்டல அலுவலகத்தின் சுற்றறிக்கை, பள்ளிக் கட்டடக் கணக்கைக் கேட்டு மூன்றாம் நினைவூட்டல், வெளியூரில் பணிபுரியும் சபையார் ஒருவர் தம் ஞானஸ்நானச் சான்றிதழை வேண்டி எழுதிய மின்னஞ்சல், வாலிபர் சங்கக் குழுவிலிருந்து நாற்பது வாழ்த்துச் செய்திகள் ஆகிய அனைத்தும் ஒருங்கே வந்து நிற்கின்றன. இவற்றுக்கு விடையளிப்பதற்குள் நண்பகலாகிவிடுகிறது. நோயுற்றோரைச் சந்திப்பது மாலைக்குத் தள்ளப்படுகிறது. அருளுரை ஆயத்தமோ சனிக்கிழமை இரவுக்குத் தள்ளப்படுகிறது.

இவ்விடர்ப்பாடு ஆயர்களுக்கு மட்டும் உரியதன்று. தலைமையாசிரியரும், சங்கச் செயலாளரும், இல்லத்தையும் அலுவலகத்தையும் ஒருங்கே தாங்கும் பெண்மணியும் இதனை அறிவர். எனினும் ஆயரின் நிலை ஒரு வகையில் தனித்தன்மை உடையது. பெரும்பாலான சேகரங்களில் அவருக்கென எழுத்தர் இல்லை. அலுவல் நேரம் இன்னதென்ற வரையறையும் இல்லை. வேலையை நாள்தோறும் பங்கிட்டுக் கொடுக்கும் மேலாளரும் இல்லை. தம் நேரத்தைத் தாமே பங்கிடவேண்டிய பொறுப்பு முழுவதும் அவர்மீதே விழுகிறது. ஆகவே, இக்கட்டுரை ஆயரின் மேசையை எடுத்துக்காட்டாகக் கொண்டு மூன்று வினாக்களை ஆராய முற்படுகிறது. மின்னஞ்சல் நம்மை இவ்வாறு ஆட்கொள்ளக் காரணம் யாது? அன்றாட அலுவல்களை ஒழுங்குபடுத்துவது எங்ஙனம்? அவ்வொழுங்கு யாருக்காக?

1. அஞ்சலும் மின்னஞ்சலும்

மின்னஞ்சல் நாம் எண்ணுவதைவிட வயது முதிர்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் பணியாற்றிய ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர், 1971ஆம் ஆண்டில் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே செய்தியனுப்பும் முறையை உருவாக்கினார். பெறுபவரின் பெயரையும் அவர் பயன்படுத்தும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்டும் அடையாளத்தை முகவரியில் சேர்த்தவரும் அவரே. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் முதல் கிடைக்கலாயிற்று. அதன் பின்னர் சில ஆண்டுகளிலேயே நம் அலுவலகங்களின் கடிதப் போக்குவரத்தில் பெரும்பகுதி மின்னஞ்சலுக்கு மாறிவிட்டது.

தபாற்காரர் கொண்டுவந்த கடிதத்துக்கும் மின்னஞ்சலுக்கும் இடையே மூன்று வேறுபாடுகள் உள்ளன. முதலாவது, கடிதம் ஒரு குறிப்பிட்ட வேளையில் வந்தது. தபால் வந்து சென்றபின் அன்று வேறு கடிதம் இல்லை என்னும் நிச்சயம் இருந்தது. மின்னஞ்சலுக்கு அவ்வேளை இல்லை. இரவும் பகலும் அது வந்துகொண்டே இருக்கிறது. இரண்டாவது, கடிதம் எழுதுபவருக்குச் செலவும் உழைப்பும் இருந்தன. கார்பன் தாள் வைத்து எழுதிய நாட்களில் மூன்றாம் நகலே மங்கலாகத் தெரியும். ஆகவே எவருக்கு நகல் தேவை என்பதை எழுதுபவர் எண்ணிப் பார்த்தார். இன்று இருநூறு பேருக்கு நகல் அனுப்ப ஒரு விரலசைவு போதும். அனுப்புபவர் மிச்சப்படுத்திய உழைப்பு பெறுபவர் தலையில் சுமத்தப்படுகிறது. மூன்றாவது, கடிதத்தின் உருவமே அதன் தகைமையை அறிவித்தது. அஞ்சலட்டை, உள்நாட்டுக் கடிதம், பதிவுத் தபால், தந்தி என்னும் வரிசையில் ஒவ்வொன்றும் எவ்வளவு விரைவாகத் திறக்கப்படவேண்டும் என்பதைத் திறக்குமுன்பே நாம் அறிந்தோம். தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. இப்போது மரணச் செய்தியும் மளிகைக் கடையின் தள்ளுபடி விளம்பரமும் ஒரே அளவான எழுத்தில், ஒரே ஓசையுடன், அடுத்தடுத்து வந்து நிற்கின்றன.

இதனோடு மற்றொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. ஸ்டீவ் விட்டேக்கர், கேண்டஸ் சிட்னர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், மக்கள் மின்னஞ்சல் பெட்டியைக் கடிதம் பெறுவதற்கு மட்டும் பயன்படுத்தவில்லை என்பதை எடுத்துக்காட்டினர். செய்யவேண்டிய வேலைகளை நினைவூட்டும் பட்டியலாகவும், பழைய ஆவணங்களைச் சேமிக்கும் அறையாகவும் அதே பெட்டி பயன்பட்டது. ஒரே பெட்டி மூன்று வேலைகளைச் செய்யும்போது மூன்றும் கெடுகின்றன. நேற்று வந்து விடை பெறாத கடிதம் இன்று வந்தவற்றின் அடியில் மறைந்துவிடுகிறது. பதிவேட்டையும் காணிக்கைப் பையையும் அடுத்த ஞாயிற்றுக்கான குறிப்பையும் ஒரே அலமாரித் தட்டில் திணித்து வைக்கும் ஆயரை நாம் ஒழுங்குள்ளவர் என்று கூறமாட்டோம். மின்னஞ்சலிலோ பெரும்பாலோர் இதனையே நாள்தோறும் செய்துவருகின்றனர். கடிதம், வேலை, ஆவணம் ஆகிய மூன்றையும் பிரித்துவைப்பதே பின்வரும் ஆலோசனைகள் அனைத்துக்கும் அடிப்படையாகும்.

2. அவசரம் வேறு, அவசியம் வேறு

1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இரண்டாம் பேரவை அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகரில் கூடியது. அங்கு உரையாற்றிய அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டுவைட் ஐசனோவர், முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவரின் கருத்தை நினைவுகூர்ந்தார். தமக்கு முன்னுள்ள சிக்கல்கள் அவசரமானவை, முக்கியமானவை என்று இருவகைப்படும் என்பதும், அவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைவதில்லை என்பதும் அக்கருத்தின் சாரமாகும். இன்று மேலாண்மை நூல்களில் ஐசனோவரின் பெயரால் வழங்கும் நான்கு கட்ட அட்டவணை இக்கருத்திலிருந்து பிற்காலத்தார் அமைத்ததே. திருச்சபைப் பேரவையொன்றில் ஒலித்த இச்சிந்தனையைத் திருச்சபையினராகிய நாமே மறந்துவிட்டது வியப்புக்குரியது. 1967ஆம் ஆண்டில் சார்லஸ் ஹம்மல் என்பவர் எழுதிய, அவசரத்தின் கொடுங்கோன்மையைப் பற்றிய சிறு ஏடு இதே வேறுபாட்டைக் கிறிஸ்தவ வாழ்வுக்குப் பொருத்திக் காட்டியது.

அவசரமானது குரலெழுப்பி நம்மை அழைக்கும். அவசியமானதோ பெரும்பாலும் மௌனமாகக் காத்திருக்கும். கணக்குக் கேட்கும் அலுவலகம் மூன்று முறை நினைவூட்டும். படுக்கையில் கிடக்கும் மூதாட்டி ஒரு முறையும் மின்னஞ்சல் அனுப்பமாட்டார். திருமணப் பத்திரிகையில் பெயர் சேர்க்கும்படி கேட்பவர் மணிக்கொருமுறை அழைப்பார். கல்லூரியிலிருந்து பாதியில் நின்றுவிட்ட இளைஞன் எவரையும் அழைக்கமாட்டான். ஆகையால், வரும் செய்திகளின் வரிசைப்படியே நாளைச் செலவிடும் ஆயர், தம்மை அறியாமலேயே குரல் வலுத்தோர் பக்கம் சார்ந்துவிடுகிறார். நேரத்தை ஒழுங்குபடுத்துவது நீதியைச் சார்ந்த செயல் என்பது இதனால் விளங்கும்.

மாற்கு 1:35-38இல் இயேசு அதிகாலையில் தனித்து ஜெபிக்கையில், எல்லாரும் அவரைத் தேடுவதாகச் சீடர்கள் அறிவிக்கின்றனர். தேடியவர்களின் தேவை பொய்யானதன்று. எனினும் அடுத்த ஊர்களுக்குச் செல்லும் தம் நோக்கத்தை அத்தேடல் மாற்றுவதற்கு அவர் இடங்கொடுக்கவில்லை. மறுபக்கத்தில், அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைச் சிலர் நிர்வாகப் பணியைத் தாழ்வாகக் கருதுவதற்கு ஆதாரமாகக் காட்டுவர். அது சரியான விளக்கமன்று. விதவைகளின் அன்றாட உணவுப் பணியை அப்போஸ்தலர் அங்கு தாழ்வாக எண்ணவில்லை. ஆவியும் ஞானமும் நிறைந்தோரிடம் அது முறையாக ஒப்படைக்கப்பட்டது. 1 கொரிந்தியர் 12:28இல் வரங்களின் வரிசையில் பவுல் குறிப்பிடும் நிர்வாகம் என்பதற்குரிய கிரேக்கச் சொல், கப்பலின் சுக்கானைப் பிடித்துச் செலுத்துவதைக் குறிப்பதாகும். சுக்கான் பிடிப்பவன் ஒவ்வோர் அலையின் பின்னும் ஓடுவதில்லை. அலைகளினூடே திசை தவறாமல் செல்கிறான்.

3. முடிவுறாப் பணியும் மனமும்

பெர்லின் நகரில் உளவியல் பயின்ற புளூமா சைகார்னிக் என்னும் பெண்மணி, 1927ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முடிக்கப்பட்ட வேலைகளைக் காட்டிலும் இடையில் நிறுத்தப்பட்ட வேலைகள் மனத்தில் மிகுதியாகத் தங்குவதாகத் தெரிவித்தார். பிற்கால ஆய்வுகள் எல்லாவற்றிலும் இம்முடிவு அவ்வாறே கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும், முடியாத வேலை மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் என்பதை அனுபவத்தால் அறியாதவர் இலர். நமக்கு மிகவும் பயன்படும் ஆய்வு 2011ஆம் ஆண்டில் மாசிகாம்போ, பாமைஸ்டர் ஆகிய இருவரும் வெளியிட்டதாகும். முடிவுறாத நோக்கம் வேறு வேலையில் ஈடுபடும்போதும் மனத்தைத் தொந்தரவு செய்கிறது என்பதை அவர்கள் கண்டனர். அந்நோக்கத்தை நிறைவேற்றத் திட்டவட்டமான ஏற்பாடொன்றைச் செய்தவுடனே, வேலை முடியாதிருந்தும், அத்தொந்தரவு அடங்கிற்று.

இதன் நடைமுறைப் பொருள் தெளிவானது. மனத்துக்கு அமைதி தருவதற்கு எல்லா வேலையையும் முடிக்கவேண்டுவதில்லை. எந்த வேலையை, எப்போது, எங்கு செய்வோம் என்று நம்பத்தக்க ஓரிடத்தில் எழுதி வைத்தாலே போதும். ஜெபிக்க முழந்தாளிடும்போது கணக்கும் கட்டடமும் நினைவுக்கு வருவதைப் பக்திக் குறைவென்று வருந்துவோர் பலர். எழுதி வைக்காத வேலையே பெரும்பாலும் அவ்வேளையில் வந்து கதவைத் தட்டுகிறது. பக்கத்தில் ஒரு தாளும் எழுதுகோலும் வைத்துக்கொள்வதே அதற்குரிய எளிய பரிகாரம்.

சோஃபி லெராய் என்பவர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இங்கு நினைக்கத்தக்கது. ஒரு வேலையை முடிக்காமல் மற்றொன்றுக்குச் செல்லும்போது கவனத்தின் ஒரு பகுதி முன்னைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பது அவர் கண்ட முடிவு. அருளுரை ஆயத்தத்தின் நடுவே ஒரு செய்தியை எட்டிப் பார்ப்பதற்கு அரை நிமிடமே செல்லும். மனம் வேதபகுதிக்கு முழுமையாகத் திரும்புவதற்கோ அதைவிட நெடுநேரம் பிடிக்கும்.

4. மூன்று ஏடுகள்

ஒழுங்குமுறைக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கைப்பேசியிலுள்ள செயலியும் போதும். நாற்பது பக்க நோட்டுப் புத்தகமும் போதும். தேவையானவை மூன்று ஏடுகள் மட்டுமே.

(அ) நாட்காட்டி. நாளும் நேரமும் குறிக்கப்பட்டவை மட்டுமே இதில் இடம்பெறவேண்டும். ஆராதனைகள், திருமணங்கள், திருமண அறிவிப்பு வாசிக்கவேண்டிய ஞாயிறுகள், குழுக் கூட்டங்கள் ஆகியன இதில் அடங்கும். குரலெழுப்பாத அவசியப் பணிகளுக்கும் இதில் நேரம் ஒதுக்கவேண்டும் என்பதே முக்கியமானது. செவ்வாய் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை அருளுரைக்கான வேத ஆராய்ச்சி, புதன் மாலை நோயாளர் சந்திப்பு, சனி மாலை குடும்பத்தாருடன் உணவு என்று எழுதாவிடில், அந்நேரத்தை வேறொருவர் எடுத்துக்கொள்வார். ஆறாம் நூற்றாண்டில் துறவி பெனடிக்ட் தம் மடத்துக்கு வகுத்த ஒழுங்கின் 48ஆம் அதிகாரம் உடலுழைப்புக்கும் வாசிப்புக்கும் உரிய வேளைகளைப் பிரித்துக் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வேளையை அளித்தால் ஒன்று மற்றொன்றை விழுங்காது என்பது திருச்சபை நெடுங்காலம் அறிந்த ஞானமாகும்.

(ஆ) பணிப்பட்டியல். நேரம் குறிக்கப்படாத வேலைகள் அனைத்தும் இதில் சேரும். பட்டியலில் பெயர்ச்சொல்லை எழுதுவதைவிட வினைச்சொல்லை எழுதுவது நன்று. ‘கூரை’ என்று எழுதினால், அது ஆறு மாதமானாலும் அங்கேயே நிற்கும். ‘கிளைச்சபைக் கோவில் கூரை ஒழுகுவதைப் பற்றிக் கொத்தனாரிடம் தொலைபேசியில் பேசுதல்’ என்று எழுதினால், பத்து நிமிடம் கிடைத்தவுடன் அது முடிந்துவிடும். அடுத்த செயல் யாது என்னும் இவ்வினாவை 2001ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் டேவிட் ஆலன் வலியுறுத்தினார்.

(இ) எதிர்பார்ப்புப் பட்டியல். நாம் பிறரிடம் ஒப்படைத்தவை, பிறரிடமிருந்து விடை வரவேண்டியவை ஆகியன இதில் இடம்பெறும். யாரிடம், எது, எந்நாளில் கேட்கப்பட்டது என்னும் மூன்று செய்திகள் போதும். உபதேசியாரிடம் கேட்ட குடும்பப் பட்டியல் வரவில்லை என்பது ஆண்டறிக்கை அனுப்பவேண்டிய நாளில் நினைவுக்கு வருவதை இது தடுக்கும். சினமின்றி உரிய காலத்தில் நினைவூட்டவும் இது துணைபுரியும்.

இம்மூன்றும் வாரத்துக்கொருமுறை பார்வையிடப்படாவிடில் பயனற்றுப்போம். ஞாயிற்றுக்கிழமையின் களைப்புக்குப் பின்னர் திங்களன்று ஓய்வெடுக்கும் ஆயர்கள் செவ்வாய் காலையில் முக்கால் மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். கடந்த வாரத்தில் விடுபட்டது யாது, வரும் இரு வாரங்களில் காத்திருப்பது யாது, எவரைச் சந்தித்து நெடுநாளாயிற்று என்னும் மூன்று வினாக்களை அப்போது கேட்கவேண்டும். மூன்றாம் வினாவுக்குச் சபைக் குடும்பப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொள்வது நலம். மின்னஞ்சல் பெட்டியில் ஒருபோதும் தோன்றாத பெயர்களை அப்பதிவேடே நமக்குக் காட்டும்.

இம்முறையைத் தொடங்குமுன் ஒரு வார காலம் தம் நேரம் எங்கு செல்கிறது என்பதைக் குறித்து வைப்பது பயன்தரும். மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர், 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், வேலைகளைத் திட்டமிடுவதற்கு முன்னர் நேரம் எங்கு செலவாகிறது என்பதை அறிதல் வேண்டும் என்றார். நினைவை நம்பாமல் எழுதி வைத்துப் பார்ப்பவர், நாம் எண்ணியிருப்பதும் நடைமுறையும் வெகுவாக வேறுபடுவதைக் காண்பார்.

5. மின்னஞ்சலைக் கையாளும் முறை

மேற்கூறிய ஏடுகள் ஆயத்தமானபின் மின்னஞ்சலுக்குரிய இடம் தானே தெளிவாகும். அது கடிதம் வரும் வாசல் மட்டுமே. வந்ததை உரிய ஏட்டுக்கு மாற்றிவிட்டால் வாசல் வெறுமையாகும். பின்வரும் நடைமுறைகள் நம் சூழ்நிலைக்கு ஏற்றவை.

முதலாவது, மின்னஞ்சலைத் திறப்பதற்கு வேளைகளைக் குறித்துக்கொள்ளவேண்டும். குஷ்லெவ், டன் என்னும் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 124 பேரைக் கொண்டு நடத்தி 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பங்குபெற்றோர் ஒரு வாரம் நாளொன்றுக்கு மூன்று முறை மட்டும் மின்னஞ்சலைப் பார்க்கும்படியும், மற்றொரு வாரம் விரும்பியபோதெல்லாம் பார்க்கும்படியும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். மூன்று முறை மட்டும் பார்த்த வாரத்தில் அவர்களுடைய மனவழுத்தம் குறைந்திருந்தது. ஆயருக்கு முற்பகலில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் பெரும்பாலும் போதுமானவை. செய்தி வரும்போதெல்லாம் ஒலிக்கும் ஓசையை நிறுத்திவிடலாம். மரணம், விபத்து போன்ற உண்மையான அவசரங்களுக்குத் தொலைபேசியில் அழைக்கும்படி சபையாருக்கு அறிவித்து, அவ்வழைப்பை எந்நேரமும் ஏற்கவேண்டும். இழந்துபோன தந்தியின் இடத்தை இவ்வாறு தொலைபேசி அழைப்புக்கு நாம் அளிக்கலாம்.

இரண்டாவது, திறந்த ஒவ்வொரு கடிதத்தைக் குறித்தும் அப்போதே ஒரு தீர்மானம் எடுக்கவேண்டும். தேவையற்றதை நீக்கலாம். பிறர் செய்யத்தக்கதை அவருக்கு அனுப்பி, எதிர்பார்ப்புப் பட்டியலில் குறிக்கலாம். இரண்டு நிமிடங்களில் முடியக்கூடியதை உடனே முடிக்கலாம் என்பது ஆலன் கூறும் விதி. அதற்கு மேல் நேரம் வேண்டுவதைப் பணிப்பட்டியலிலோ நாட்காட்டியிலோ எழுதிவிட்டு, கடிதத்தைப் பெட்டியிலிருந்து அகற்றிச் சேமிப்பில் வைக்கலாம். பிறகு பார்ப்போம் என்று திறந்து மூடுவது ஒரு தீர்மானமன்று. அதே கடிதத்தை ஐந்து முறை வாசிப்பதற்கே அது வழிவகுக்கும்.

முன்னுரையில் கண்ட காலைப்பொழுதையே இவ்வாறு பிரித்துப் பார்ப்போம். சுற்றறிக்கையில் குறித்துள்ள கூட்ட நாள் நாட்காட்டிக்குச் செல்கிறது. கட்டடக் கணக்கு பொருளாளருக்கு அனுப்பப்பட்டு, எதிர்பார்ப்புப் பட்டியலில் இடம்பெறுகிறது. கணக்கைக் கேட்டவருக்கு எந்நாளில் வரும் என்று இரு வரிகளில் தெரிவிக்கப்படுகிறது. சான்றிதழுக்குப் பதிவேட்டைத் தேடவேண்டுமாதலால் அது பணிப்பட்டியலுக்குச் செல்கிறது. வேண்டியவருக்கோ வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பப்படும் என்ற விடை உடனே செல்கிறது. வாழ்த்துச் செய்திகள் மாலைவரை காத்திருக்கலாம். இவையனைத்துக்கும் கால் மணி நேரம் போதும்.

மூன்றாவது, சேமிப்பதற்காகப் பல கோப்புறைகளை உருவாக்கி வகைப்படுத்துவதில் காலத்தைச் செலவிடவேண்டாம். விட்டேக்கரும் அவருடைய துணையாளர்களும் 345 பேரின் பழக்கத்தை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, கோப்புறைகளில் வகைப்படுத்தி வைத்தோர் பழைய கடிதத்தைக் கண்டெடுப்பதில் அதிகப் பயன் அடையவில்லை. சொல்லைக் கொண்டு தேடுவதே விரைவாயிருந்தது. ஆயினும் திருமணம், ஞானஸ்நானம், சொத்து ஆகியவை பற்றிய கடிதங்களை அச்சிட்டுச் சேகரக் கோப்பில் வைப்பது அவசியம். ஆயர் மாற்றலாகிச் செல்லும்போது அவருடைய மின்னஞ்சல் முகவரியும் அவருடன் சென்றுவிடும். கோப்போ சேகரத்தில் நிலைத்திருக்கும்.

நான்காவது, நாம் எழுதும் கடிதமும் பிறருடைய மேசைக்குச் செல்கிறது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். ‘சான்றிதழ்’ என்று மட்டும் பொருள் குறிப்பதைவிட, ‘ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டுதல், ஜூன் 10க்குள் தேவை’ என்று குறிப்பது பெறுபவருக்குச் செய்யும் உதவியாகும். ஒரு கடிதத்தில் ஒரு பொருளையே எழுதுவதும், வேண்டுதலை முதற்பத்தியிலேயே கூறுவதும், தேவையற்றோருக்கு நகல் அனுப்பாதிருப்பதும் அயலானின் நேரத்தை மதிக்கும் செயல்களாகும். சினத்துடன் எழுதிய விடையை அன்றே அனுப்பாமல் மறுநாள் காலையில் மீண்டும் வாசிப்பது நலம்.

ஐந்தாவது, இரு எச்சரிக்கைகள். ஆலோசனை வேண்டி வருவோர் அந்தரங்கமாகக் கூறியவற்றை, பலர் திறக்கும் அலுவலகக் கணினியிலோ மின்னஞ்சலிலோ எழுதலாகாது. மேலும், பேராயர் பெயரிலோ நண்பர் பெயரிலோ பணம் வேண்டியோ, கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்டோ வரும் கடிதங்கள் பெரும்பாலும் மோசடியே. ஒரு தொலைபேசி அழைப்பால் உறுதிசெய்யாமல் அத்தகையவற்றுக்கு விடையளிக்கக்கூடாது.

6. வேகமும் அயலானும்

இத்துணை ஒழுங்கும் யாருக்காக என்னும் வினாவுக்கு வருவோம். நல்ல சமாரியன் உவமையை (லூக்கா 10:25-37) அடிப்படையாகக் கொண்டு ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் உளவியலாளர் இருவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களிடையே நடத்திய ஆய்வொன்று 1973ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மாணவர்கள் வேறொரு கட்டடத்துக்குச் சென்று சிற்றுரையாற்றும்படி கேட்கப்பட்டனர். சிலருக்கு அளிக்கப்பட்ட பொருள் நல்ல சமாரியன் உவமையே. சிலரிடம் நேரம் கடந்துவிட்டது, விரைந்து செல்லுங்கள் என்று கூறப்பட்டது. மற்றவர்களிடம் அவ்வாறு கூறப்படவில்லை. வழியில் ஒருவர் சாய்ந்து கிடந்து இருமி முனகும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

ஆய்வில் பங்குபெற்றோர் 40 பேரே. ஆயினும் அதன் முடிவு நம்மைச் சிந்திக்கவைக்கிறது. அவசரமின்றிச் சென்றவர்களில் 63 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகையில் உதவினர். ஓரளவு அவசரத்தில் இருந்தோரில் 45 விழுக்காட்டினர் உதவினர். மிகுந்த அவசரத்தில் இருந்தோரில் உதவினவர்கள் 10 விழுக்காட்டினரே. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசச் சென்றோர் மற்றவர்களைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க அளவில் மிகுதியாக உதவியதாகத் தெரியவில்லை. ஆசாரியனும் லேவியனும் இரக்கமற்றவர்களாகவே இருந்திருப்பர் என்று நாம் எளிதில் கூறிவிடுகிறோம். அவர்கள் காலதாமதமானவர்களாகவும் இருந்திருக்கக்கூடும்.

ஒழுங்கின் நோக்கத்தை இங்கு காண்கிறோம். மேலும் மேலும் வேலைகளை நாளுக்குள் திணிப்பதற்காக நாம் நேரத்தை ஒழுங்குபடுத்துவதில்லை. வழியில் கிடப்பவனுக்காக நிற்கத்தக்க ஓய்வு நம் நடையில் இருக்கவேண்டும் என்பதற்காகவே ஒழுங்குபடுத்துகிறோம். ஆகவே, நாட்காட்டியின் ஒவ்வொரு மணியையும் நிரப்பலாகாது. நாளில் இரண்டு மணி நேரமேனும் எழுதப்படாமல் இருக்கட்டும். எதிர்பாராமல் கதவைத் தட்டுபவருக்கு உரிய இடம் அது. அவர் வந்தால் பணி தடைப்பட்டது என்று கருதவேண்டுவதில்லை. அவருக்காகவே அந்நேரம் காக்கப்பட்டது. ஒருவரும் வராவிடில் நூலொன்றை வாசிக்கலாம்.

7. ஒழுங்கின் எல்லை

எந்த முறையாலும் ஒருவர் மூவரின் வேலையைச் செய்ய இயலாது. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் மோசே காலைமுதல் மாலைவரை மக்களின் வழக்குகளைத் தாமே விசாரிப்பதை எத்திரோ காண்கிறார். இன்னும் விரைவாக விசாரிக்கும் வழியை அவர் கற்றுக்கொடுக்கவில்லை. பொறுப்பைப் பகிர்ந்தளிக்கும்படியே அறிவுறுத்துகிறார். அவ்வாறு செய்யாவிடில் மோசேயும் மக்களும் ஒருங்கே தளர்ந்துபோவர் என்பதே அவர் கண்ட ஆபத்து. காத்து நிற்கும் மக்களின் களைப்பையும் அவர் எண்ணிப்பார்த்தது குறிப்பிடத்தக்கது.

நம் சேகரங்களில் ஓய்வுபெற்ற எழுத்தர்களும், ஆசிரியர்களும், கணினி பயின்ற இளம் பெண்களும் உள்ளனர். பதிவேட்டைத் தேடிச் சான்றிதழை ஆயத்தம் செய்தல், சுற்றறிக்கைகளைச் சுருக்கி அறிவிப்புப் பலகையில் இடுதல், கட்டடக் கணக்கைச் சரிபார்த்தல் ஆகியவற்றை அவர்கள் செம்மையாகச் செய்யக்கூடும். கையொப்பமிடும் பொறுப்பு ஆயருடையதாகவே இருக்கும். ஆனால் தேடும் வேலை அவருடையதாயிருக்கவேண்டுவதில்லை. திருமண்டல அலுவலகங்களுக்கும் இதில் கடமை உண்டு. ஒரே விவரத்தை மூன்று துறைகள் மூன்று படிவங்களில் கேட்கும்போது வீணாகும் நேரம், ஏதோ ஓர் ஊரில் ஒரு நோயாளி சந்திக்கப்படாமற்போன நேரமாகும். அனுப்புவோரும் ஒழுங்கைக் கற்றாலன்றிப் பெறுவோரின் ஒழுங்கு மட்டும் போதாது.

முடிவுரை

மின்னஞ்சலைப் பகையாகக் கருதவேண்டுவதில்லை. வளைகுடா நாட்டில் உழைக்கும் தந்தை தம் பிள்ளையின் திடப்படுத்தலுக்குக் குறித்த நாளை உடனே அறிவதும், மலைக்கிராமத்து உபதேசியார் பேருந்து ஏறாமலே தம் கணக்கை அனுப்புவதும் அதனால் கிடைத்த நன்மைகளே. அக்கருவிக்கு உரிய வேளையையும் இடத்தையும் நாம் வகுத்துக் கொடுக்காதவரை, அதுவே நம் வேளையை வகுத்துவிடும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

இம்முறைகள் அனைத்தையும் ஒரே நாளில் கைக்கொள்ள முயல்வோர் இரண்டாம் வாரத்தில் கைவிடுவர். ஆகையால், வரும் செவ்வாயன்று ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்து, மனத்திலுள்ள வேலைகளை முழுவதும் எழுதிப் பாருங்கள். அதற்கு அடுத்த வாரத்தில் மின்னஞ்சலுக்கு இரு வேளைகளைக் குறியுங்கள். மூன்றாம் வாரத்தில் குடும்பப் பதிவேட்டைத் திறந்து, ஓராண்டாக நம்மைத் தேடாத, நாமும் தேடாத ஒரு வீட்டின் பெயரை நாட்காட்டியில் எழுதுங்கள். எழுதிய நாளில் அவ்வீட்டுக்குப் போய்வாருங்கள்.